வாடகை வீட்டில் காருக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றுவது: பெட்டி வாங்கும் முன் லைனைப் பாருங்கள்

கேட்கப்பட்டது இது: கோவை சரவணம்பட்டிப் பக்கம் முதல் மாடி வாடகை வீடு. கார் நிறுத்தக் கீழே போர்டிகோ உண்டு. சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. 45 கிலோவாட் மணி பேட்டரி உள்ள டாடா நெக்ஸான் மின்சாரக் கார். காரோடு வந்த 15 ஆம்பியர் சார்ஜரை இரவு 9 மணிக்குப் போட்டால் காலை 6 மணிக்கு 35 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. வாரத்தில் நாலு நாள் திருப்பூர் போய்வர வேண்டும். சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டி மாட்டலாமா? சுவரைக் கொத்தக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

பெட்டிப் பேச்சை எடுக்கும் முன் அந்த 35 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 45-ல் 35 சதவீதம் என்றால் பேட்டரிக்குள் போனது 16 யூனிட்டுக்குச் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி) சற்றுக் குறைவு. சார்ஜர், கேபிள், வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக்க காருக்குள் இருக்கும் மாற்றி எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 சதவீதத்தைச் சூடாக விட்டுவிடும். ஆக, சுவரிலிருந்து இழுத்தது 18 யூனிட். 9 மணி நேரத்தில் 18 யூனிட் என்றால் 2 கிலோவாட். ஆனால் 15 ஆம்பியர் சார்ஜர் 220 வோல்ட்டில் 3.3 கிலோவாட் இழுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வராமலே போகிறது. இருக்கிற சார்ஜர் ஒழுங்காக ஓடினாலே அதே 9 மணி நேரத்தில் 58 சதவீதம் ஏறிவிடும்.

திருப்பூர் போய்வர 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏ.சி. போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் யூனிட்டுக்கு 6.5, 7 கிலோமீட்டர் என்று வைத்தால் 15, 16 யூனிட் தின்னும். இப்போது ஒரு ராத்திரியில் ஏறுவதும் அவ்வளவேதான். அதனால்தான் எவ்வளவு ஏற்றினாலும் கையிருப்பு உயர மாட்டேன் என்கிறது. 58 சதவீதம் ஏறினால் உங்கள் ஓட்டத்துக்குத் தாராளம். ஆகவே முதல் வேலை 15 ஆம்பியரைச் சுத்தமாக்குவது. 7.2 அதற்கப்புறம்.

எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போதும். போட்டவுடன் ஒரு தடவை, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை, எத்தனை கிலோவாட் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கார்த் திரையிலோ சார்ஜரிலோ தெரியவில்லையா, ஈ.பி. மீட்டரே சொல்லிவிடும். எலக்ட்ரானிக் மீட்டரின் முகத்தில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே யூனிட்டுக்கு 1600 அல்லது 3200 சிமிட்டல் என்பதுபோல ஓர் எண் அச்சாகியிருக்கும். வீட்டில் மற்றதெல்லாம் அணைத்துவிட்டு 10 சிமிட்டலுக்கு எத்தனை விநாடி என்று செல்போன் ஸ்டாப்வாட்ச்சில் பாருங்கள். 3200 மீட்டரில் 10 சிமிட்டல் 3.4 விநாடியில் முடிந்தால் 3.3 கிலோவாட், 5.6 விநாடி ஆனால் 2 கிலோவாட்.

முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக 2 கிலோவாட் என்றால், சார்ஜரோ காரோ 10 ஆம்பியர் அளவில் வைக்கப்பட்டிருக்கிறது. சில சார்ஜர்களில் பெட்டியிலேயே பொத்தான், சில கார்களில் திரையில் அமைப்பு. லைனைப் பார்க்காமல் அதை உயர்த்தாதீர்கள். 3 கிலோவாட்டுக்கு மேல் ஆரம்பித்து நடுராத்திரியில் 2-க்கோ 1.5-க்கோ இறங்கினால் பிளக் சூடு அல்லது குறைந்த வோல்டேஜ். நன்றாக ஓடி, ஏதோ ஒரு மணியில் முழுதாக நின்றிருந்தால் எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே அணையும் பிரேக்கர்) விழுந்திருக்கும், அல்லது எர்த் கோளாறு என்று சார்ஜர் தானே நிறுத்திக்கொண்டிருக்கும்.

அடுத்தது கை வைத்துப் பார்ப்பது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, காரில் சார்ஜிங்கை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கை உருவிப் பின்னைப் புறங்கையால் தொடுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. மூன்று விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்த சாக்கெட் ஆகாது. பின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு ஏறியிருந்தாலோ, அடுப்பில் வைத்த கருவாடு மாதிரி மீன் வாடை வந்தாலோ, அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள். சூடான பிளாஸ்டிக் சாக்கெட்டின் வாடை அது.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? பின்னுக்கும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கும் நடுவில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 15 ஆம்பியரில் 22 வாட் அந்த ஓர் இடத்தில் எரியும். ஒரு சால்டரிங் அயர்னைச் சாக்கெட்டுக்குள் செருகி 9 மணி நேரம் விட்டுவைப்பதற்குச் சமம். தகடு சூட்டில் இளகி இன்னும் தளரும், தளர்ந்தால் தடை ஏறும், தடை ஏறினால் சூடு ஏறும். கீசரும் இதே 16 ஆம்பியர் பாயின்டில்தான் ஓடுகிறது என்பார்கள். கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். அதனால் சாக்கெட்டின் குறை வெளியே தெரிவதில்லை.

வாடகை வீட்டு போர்டிகோ பாயின்டுகளில் இன்னொரு சங்கதி உண்டு. பெரும்பாலும் அது தனி லைனே இல்லை. மோட்டார் பாயின்டிலிருந்தோ ஹால் பாயின்டிலிருந்தோ லூப் அடித்துக் கொண்டுவந்திருப்பார்கள். வெளியே தெரிவது 16 ஆம்பியர் சாக்கெட், பின்னால் வருவது 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) மெல்லிய ஒயர். சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தொங்கவிட்டு ஓட்டுவதானால், அதற்கு இந்தப் பதிலில் இடமே கிடையாது. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர் 15 ஆம்பியரில் தன் சூட்டிலேயே உருகும்.

இனி தனி லைன். சுவரைக் கொத்தவே தேவையில்லை.

மாடியில் குடியிருப்பவர்கள் மாடி டி.பி.யிலிருந்து (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) ஒயரைக் கீழே இறக்கப் பார்க்கிறார்கள். வேண்டாத நீளம் அது. உங்கள் மீட்டர் கீழே படிக்கட்டு ஓரத்தில்தான் இருக்கும். அங்கே உங்கள் மெயின் சுவிட்சுக்கு அடுத்து, மாடிக்குப் போகும் வீட்டுப் பக்க ஒயரிலிருந்து பிரித்து எடுங்கள். மீட்டர் சீலையும் சீலுக்கு முந்தைய எதையும் தொடக் கூடாது. பக்கத்து மீட்டரும் மோட்டாருக்கான காமன் மீட்டரும் அதே பலகையில் இருக்கும் என்பதால், எடுத்தது உங்கள் இணைப்புதானா என்று மெயினை அணைத்து ஒரு தடவை உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய வீடு என்றால் மெயினில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர் இருக்கும். அதன் தகடு கருத்திருந்தால், நீங்கள் தேடிக்கொண்டிருந்த வோல்டேஜ் இழப்பில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

15 ஆம்பியர் லைனுக்கு வேண்டிய சாமான்: 4 ஸ்கொயர் எஃப்.ஆர். (தீ எளிதில் பரவாத) செம்பு ஒயர் மூன்று நிறத்தில் (ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுமே 4 ஸ்கொயர்). 20 ஆம்பியர் டபுள் போல் சி டைப் எம்.சி.பி.; அதோடு 25 அல்லது 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் பிரேக்கர்), டைப் ஏ. கனமான 25 மி.மீ. பி.வி.சி. பைப், அதைச் சுவரில் பிடிக்கும் சாடில், மழைத்தண்ணீர் புகாத, பூட்டுப் போடக்கூடிய பெட்டி, அதற்குள் ஐ.எஸ். 1293 முத்திரை உள்ள 16 ஆம்பியர் சாக்கெட். இரண்டு பிரேக்கருக்குப் பதில் இரண்டு வேலையையும் செய்யும் 20 ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. ஒன்றே போதும் என்றாலும் சரி, இடம் மிச்சம்.

2.5 ஸ்கொயர் போதாதா என்று ஒயர்மேன் கேட்பார். 20 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயரில் 15 ஆம்பியர் ஓடினால் போக வர 5 வோல்ட் இழப்பு. 4 ஸ்கொயரில் 3 வோல்ட். வோல்ட் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை. சூடுதான் காரணம். சித்திரை வெயிலில் மேற்குச் சுவரில் ஒட்டிப் போகும் பைப்புக்குள் ஒயர் ஏற்கெனவே 45, 50 டிகிரியில் இருக்கும். எம்.சி.பி.யும் அப்படித்தான். அது 30 டிகிரியில் அளவு வைக்கப்பட்ட பொருள். வெயில் அடிக்கும் தகரப் பெட்டிக்குள் 16 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து 15 ஆம்பியர் ஓட்டினால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் விழும். எம்.சி.பி.யில் கோளாறே இருக்காது. அதனால்தான் 20, அதற்கு ஏற்ப 4 ஸ்கொயர்.

சார்ஜரின் வார்த்த பிளக்கை வெட்டி வேறு பிளக் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். பல சார்ஜர்களில் பிளக்குக்குள்ளேயே சூடு உணரும் சென்சார் இருக்கிறது. வெட்டினால் அந்தக் காவலும் போகும், வாரன்டியும் போகும். அதைவிடப் பெரிய தவறு ஒன்றை அடிக்கடி காணலாம்: சார்ஜரின் பெட்டி பிளக்கிலிருந்து அந்தரத்தில் தொங்கும். இரண்டு மூன்று கிலோ எடை பின்னைக் கீழ்நோக்கி இழுத்து, மேல் பக்கத் தொடுப்பைத் தளர்த்திவிடும். நாலடி உயரத்தில் சாக்கெட், அதன் பக்கத்தில் பெட்டியைத் தாங்க ஒரு கொக்கி. பத்து ரூபாய்க் கொக்கி சாக்கெட்டின் ஆயுளை இரட்டிப்பாக்கும். பல நூலிழை ஒயரை முறுக்கி அப்படியே திருகில் சொருகாமல் லக்கோ ஃபெருலோ (ஒயர் முனைக்கு மாட்டும் உலோக உறை) போட்டு முடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்து எல்லாத் திருகையும் மறுபடி ஒரு தடவை முடுக்க வேண்டும். சூடேறி ஆறும் செம்பு நிச்சயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

எர்த் விஷயத்தில் நிதானமாகப் படியுங்கள். இந்த ஊரில் வீட்டுச் சார்ஜிங் நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். காரணம் நம் மண். கோவை, ஈரோடு பக்கம் தோண்டினால் இரண்டடி செம்மண், அப்புறம் சுக்கான் கல், அதற்குக் கீழே பாறை. மழை மறைவுப் பகுதி வேறு. எர்த் பைப் எட்டடி இறங்க வேண்டிய இடத்தில் நாலடியில் பாறை தட்டியதும் மிச்சத்தை அறுத்துவிட்டுக் குழியை மூடியிருப்பார்கள். ஐப்பசியில் வேலை செய்யும் எர்த் பங்குனியில் செத்துவிடும். கரிசல் பூமியில் இன்னொரு விதம்: ஈரமாக இருக்கும்போது அருமையான எர்த், கோடையில் மண் வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும். மாசி வரை நன்றாக ஓடிய சார்ஜர் கோடையில் சிவப்பு விளக்குக் காட்டினால், சர்வீஸ் சென்டரைக் கூப்பிடும் முன் எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். விளக்கு பச்சைக்குத் திரும்பினால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. மருந்து தண்ணீர் அல்ல; புது எர்த்.

ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டு, நன்றாக எரிகிறது, எர்த் நல்லாயிருக்கு என்று ஒயர்மேன் சொல்வார். அந்தச் சோதனை இதற்குப் போதாது. 100 வாட் பல்பின் தடை 500 ஓமுக்கு மேல். எர்த் 50 ஓம் என்று மோசமாக இருந்தாலும் பல்பில் பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் குறையும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காரின் உடம்பில் ஃபேஸ் கசிந்தால் அந்த 50 ஓம் வழியே 4.6 ஆம்பியர்தான் போக முடியும். 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. கார் ஃபேஸோடு நின்றுகொண்டிருக்கும், ஈரக்காலோடு வந்து கதவைத் திறப்பவர் மாட்டுவார். நல்ல எர்த், 5 ஓம் என்றே வைத்தாலும் 46 ஆம்பியர். சி டைப் எம்.சி.பி. உடனடியாக விழ அதன் அளவில் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 100 ஆம்பியராவது வேண்டும். ஆகவே உயிரைக் காப்பது எம்.சி.பி. இல்லை, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.தான். டைப் ஏ என்று கேட்டு வாங்கச் சொன்னதற்குக் காரணம், காரின் சார்ஜர் நேர்மின்சாரக் கசிவை உண்டாக்கக்கூடியது. மலிவான டைப் ஏ.சி. ஆர்.சி.சி.பி.யின் இரும்புக் கரு அந்த நேர்மின்சாரத்தில் மரத்துப்போய், பிறகு உண்மையான கசிவு வந்தாலும் விழாது. டைப் ஏ 6 மில்லி ஆம்பியர் வரை தாக்குப்பிடிக்கும். அதற்கு மேலானதைக் கவனித்து நிறுத்துவது சார்ஜர் பெட்டியின் வேலை. வாங்கும் பெட்டியில் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவுக் காவல் இல்லையென்றால் விலை அதிகமான டைப் பி ஆர்.சி.சி.பி. வேண்டும்.

மல்டிமீட்டரில் நீங்களே பார்க்கக்கூடியது ஒன்று: சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் 2, 3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 20, 40 என்று காட்டினால் எர்த் அறுந்திருக்கிறது அல்லது காய்ந்திருக்கிறது. சரியான அளவு வேண்டுமானால் எர்த் டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு 5 ஓமுக்குள் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இங்கேதான் உயிர் வாங்கும் ஒரு குறுக்குவழி நடக்கிறது. சிவப்பு விளக்கை அணைக்க, சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும். என்றைக்காவது காற்றிலோ மழையிலோ கம்பத்து நியூட்ரல் அறுந்தால், வீட்டு விளக்கின் வழியே திரும்பி வரும் ஃபேஸ் நேராகக் காரின் உடம்பில் ஏறும். புது வீட்டுக்குக் குடிபோனதும் சாக்கெட்டைக் கழற்றி இந்தத் துண்டு ஒயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

புது எர்த் போட வீட்டுக்காரர் பெரும்பாலும் மறுக்க மாட்டார், ஏனென்றால் அது வீட்டோடு நிற்கும் சொத்து. 3 மீட்டர் செம்புப் பூச்சு ராடு, சுற்றிலும் ஈரம் பிடித்துவைக்கும் பென்டோனைட் களிமண் கலவை, மேலே ஒரு மூடி. பாறை தட்டினால் அடித்து இறக்க முடியாது. 4 அங்குலத் துளை போட்டுத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு குட்டை ராடுகளைக் குறைந்தது அவற்றின் நீளத்தைப் போல இரு மடங்கு தள்ளிப் போட்டு இணைக்க வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் சுற்றுவது அந்தக் காலத்து இரும்புக் குழாய்க்குச் சரி. இப்போது நடுவில் எங்காவது பி.வி.சி. இருக்கும்.

வோல்டேஜ் பற்றி. சரவணம்பட்டியில் பெரிய தொந்தரவு இருக்காது, ஆனால் சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கம் தறி ஓடும் ஊர்களில் இருப்பவர்களும், பம்புசெட் நிறைந்த லைனில் இருப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும். சார்ஜர் இழுப்பது இத்தனை ஆம்பியர் என்ற கணக்கில். வோல்டேஜ் இறங்கினால் ஆம்பியரைக் கூட்டி ஈடுகட்டாது. 15 ஆம்பியர் 230 வோல்ட்டில் 3.45 கிலோவாட், 190 வோல்ட்டில் 2.85 தான். ரொம்பவும் படுத்துவிட்டால் கார் ஆம்பியரையும் குறைக்கும், அல்லது விட்டுவிடும். சார்ஜர் ஓடாதபோதும் ஓடும்போதும் சாக்கெட்டில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். இறக்கம் 10 வோல்ட்டுக்கு மேல் என்றால் அதே அளவை மீட்டர் பக்கத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். மீட்டரிலேயே இறங்கினால் கம்பத்துத் தொடுப்பு அல்லது சர்வீஸ் ஒயர். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் பதியலாம். மீட்டரில் நன்றாக இருந்து சாக்கெட்டில் இறங்கினால் வீட்டு ஒயரிங். ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். ஏ.சி.க்கு விற்கும் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் விட்டுவிட்டு ஓடும் சுமைக்கு ஆனது, 9 மணி நேரம் முழுச் சுமை தாங்காது. தவிர, வெளியே 230 கொடுக்க உள்ளே இன்னும் அதிக ஆம்பியர் இழுத்து, படுத்த லைனை மேலும் படுக்க வைக்கும். வீட்டுக்காரர் தறிப்பட்டறை வைத்திருந்தால் ஷிப்ட் மாறும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் இரவு 10 மணிக்கு மேல் டைமர் போட்டாலே போதும்.

இதெல்லாம் சரிசெய்த பிறகும் 3.3 போதவில்லை என்றால், இப்போது பெட்டிக்கு வரலாம்.

முதலில் கார் எவ்வளவு வாங்கும் என்று பாருங்கள். சுவரில் மாட்டும் சார்ஜர் பெட்டி உண்மையில் ஒரு சுவிட்ச்தான். மாற்றி காருக்குள் இருக்கிறது. டியாகோவின் சில மாடல்கள் 3.3 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது, அதற்கு 7.2 பெட்டி வாங்கினால் காசு தண்டம். உங்கள் நெக்ஸான் 7.2 வாங்கும். க்ரெட்டா எலக்ட்ரிக், மஹிந்திரா பி.இ. 6 போன்றவற்றில் 11 கிலோவாட் வசதி உண்டு, அதற்கு மூன்று ஃபேஸ் வேண்டும்.

அடுத்தது மீட்டர். சிங்கிள் ஃபேஸ் மீட்டரின் முகத்தில் 5-30 ஏ என்று இருந்தால் அதன் உச்ச வரம்பு 30 ஆம்பியர். 7.2 கிலோவாட் பெட்டி ஒன்றே 32 இழுக்கும். அதோடு மாடியில் ஒன்றரை டன் ஏ.சி. 7, 8 ஆம்பியர். கணக்கு முடிந்தது. மின்வாரிய விதிப்படியும் வழக்கமாக 4 கிலோவாட்டுக்கு மேல் மூன்று ஃபேஸுக்கு மாற வேண்டும். கூடுதல் லோடுக்கும் ஃபேஸ் மாற்றத்துக்கும் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் தேவைப்படும். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்று பில் விவரத்தில் பாருங்கள். பழைய வீடுகளில் 1, 2 கிலோவாட் என்றே கிடக்கும், சாதாரண 15 ஆம்பியர் சார்ஜருக்கே அதை உயர்த்த வேண்டியிருக்கும். மீட்டர் உச்சத் தேவையைப் பதிந்துவைக்கும் என்பதால் தெரியாமல் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம்.

வாடகைக்காரருக்கு ஏற்றது, ஆம்பியர் மாற்றக்கூடிய 7.2 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜரும் 32 ஆம்பியர் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டும் என்பது என் கருத்து. சுவரோடு நிலையாக மாட்டும் பெட்டியைக் கழற்றி மாட்ட ஒவ்வொரு வீட்டிலும் ஆள் கூப்பிட வேண்டும். இதை உருவிக்கொண்டு போய்விடலாம். 16, 20, 24, 32 என்று படி வைத்திருக்கும் பெட்டியாகப் பாருங்கள். மூன்று ஃபேஸ் கிடைக்கும் வரை, லோடு அனுமதி இடம் கொடுத்தால், 16 ஆம்பியரில் வையுங்கள்: 220 வோல்ட்டில் 3.5 கிலோவாட், 9 மணி நேரத்தில் 62 சதவீதம். கீசரும் மோட்டாரும் ஓடாத ராத்திரியில் மட்டும். இண்டஸ்ட்ரியல் சாக்கெட்டின் உருண்டைப் பின் சாதாரண சாக்கெட்டைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், மூடிக்குள் தண்ணீர் போகாது.

அந்த லைனை முதலிலேயே 32-க்குப் போட்டுவிடுங்கள்: 6 ஸ்கொயர் ஒயர், தூரம் 25 மீட்டரைத் தொட்டால் 10 ஸ்கொயர் (6-ல் 5 வோல்ட்டுக்கு மேல் இழப்பு, 10-ல் 3), 40 ஆம்பியர் டபுள் போல் எம்.சி.பி., 40 ஆம்பியர் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மே மாத இடிமழைக்கு ஒரு எஸ்.பி.டி. (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் கருவி) சேர்த்தால் காரின் மாற்றி பிழைக்கும். இன்வெர்ட்டர் லைனில் இதைச் சேர்க்கவே கூடாது. மூன்று ஃபேஸ் வந்த பிறகு, ஏ.சி. ஒரு ஃபேஸில், கார் வேறொரு ஃபேஸில் இருக்கட்டும். ஃபேஸ் போனால் மாற்றிவிடும் செலக்டர் சுவிட்சுக்கு முன்னாலிருந்து கார் லைனை எடுங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் மாற்றி வைத்த ராத்திரியில் இரண்டும் ஒரே ஃபேஸில் ஏறிக்கொள்ளும்.

கொத்தாமல் மாட்டுவது எளிது. பைப் சாடிலில் சுவர் மேலேயே போகட்டும். பெட்டி, சாக்கெட், கொக்கி எல்லாவற்றையும் ஒரு ஹைலம் ஷீட்டில் (மின்சாரம் கடத்தாத கெட்டிப் பலகை) பொருத்தி, அந்த ஷீட்டை மட்டும் நாலு திருகில் சுவரில் மாட்டுங்கள். காலி செய்யும்போது நாலே ஓட்டை.

வீட்டுக்காரர் உண்மையில் பயப்படுவது சுவருக்காக அல்ல, பில்லுக்காக. வீட்டு மின்சாரத்தில் சொந்தக் காருக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது, அதனால் வணிக இணைப்பு வாங்கச் சொல்வார்களோ என்ற கவலை வேண்டாம். சிக்கல் படிக்கட்டு விலையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் கிடைக்கும் சலுகை, 500-ஐத் தாண்டினால் போய்விடும். 501-லிருந்து யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9-க்கு மேல், 800-க்கு மேல் 10-ஐத் தாண்டும். வீட்டுக்கு 350 யூனிட், காருக்கு 540 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், காரால் கூடும் தொகை யூனிட்டுக்குச் சராசரி 9 ரூபாயை ஒட்டி வரும். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் அப்போதும் கொள்ளை லாபம்.

மீட்டர் உங்கள் வீட்டுக்கென்று தனியாக இருந்தால் பில்லை நீங்களே கட்டுகிறீர்கள், பேச்சே இல்லை. வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீட்டரில் இருந்தால், கார் லைனில் பிரேக்கர் பெட்டிக்குள் மாட்டக்கூடிய ஒரு சின்ன டின் ரெயில் சப் மீட்டர் போட்டு, அந்த யூனிட்டுகளுக்குப் பில்லின் உச்சப் படி விலையை நீங்களே தருவதாகச் சொல்லிவிடுங்கள். வீட்டு விலைக்கே காருக்கும் தருவேன் என்றால் அவர் பில் ஏறுவதை இரண்டாவது பில்லில் கண்டுபிடித்துவிடுவார், அதற்கப்புறம் சார்ஜரையே கழற்றச் சொல்வார். நாலைந்து குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கும் லைன் வீட்டில் 3.3 கிலோவாட்டைக்கூட ஏற்றாதீர்கள். அங்கே 10 ஆம்பியர், 2 கிலோவாட், அதுவும் எர்த் பார்த்த பிறகு. மிச்சத்துக்கு வாரம் ஒரு தடவை அவிநாசி ரோட்டிலோ பைபாஸிலோ பொது டி.சி. வேகச் சார்ஜரில் நிறுத்திக்கொள்வது உத்தமம்.

வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: பைப்பும் எர்த்தும் வீட்டோடு, பெட்டியும் பிரேக்கரும் சப் மீட்டரும் குடியிருப்பவரோடு. காலி செய்யும் அன்று மெயின் பக்கத்தில் ஒயர் முனையைக் கழற்றி இன்சுலேஷன் சுற்றி, சாக்கெட் பக்கத்தில் பைப் வாய்க்கு மூடி போட்டுவிட்டுப் போங்கள். அடுத்து வருபவர் அந்த ஒயரில் ஏ.சி. மாட்டிக்கொள்வார்.